பி.பி.யே இல்லாதவருக்கு எதற்கு பி.பி. மாத்திரை?

மதுரைப் பெரியாஸ்பத்திரியிலோ ஊருக்குள் இருக்கும் வேறு எந்த மருத்துவமனையிலோ, இதய நோயாளிகள் காத்திருக்கும் வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி காதில் விழும். உசிலம்பட்டியிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்தவராக இருப்பார். மஞ்சப்பைக்குள் எக்கோ ரிப்போர்ட்டும் நாலைந்து மாத்திரை அட்டைகளும் இருக்கும். "எனக்குத்தான் பி.பி.யே இல்லையே சார், பாத்தா நூறுதான் காட்டுது. அப்புறம் எதுக்கு பி.பி. மாத்திரை எழுதியிருக்காக?"

மருந்துக் கடையில் விசாரித்தால் "ஆமா, இது பி.பி. மாத்திரைதான்" என்பார்கள். வீட்டுக்குப் போனதும் அந்த அட்டை மட்டும் ஓரமாக ஒதுங்கிவிடும். கால் வீக்கத்தை வடியவைக்கும் நீர் மாத்திரை மட்டும் தவறாமல் உள்ளே போகும், அதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறதே! இப்படி ஒதுங்கிப்போகும் மருந்துதான் பெரும்பாலும் ஆயுளை நீட்டுவது. அது எப்படி என்று புரிய, இதயம் தளரும்போது நரம்புகளும் ஹார்மோன்களும் என்ன செய்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாட்பட்ட இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ளும் தெம்பு இதயத்துக்குக் குறைந்துபோயிருக்கிறது, அந்த நிலை வருஷக் கணக்கில் நீடிக்கிறது, அவ்வளவுதான் பொருள். மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துப்போனது, கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு, வால்வு பழுது, அளவில்லாத குடி, சில வைரஸ் தொற்றுகள் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். வீடுகளில் "பம்பிங் 30 தான் இருக்காம்" என்று சொல்வது இதைத்தான். இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயத்திலேயே 55 முதல் 70 வரைதான் இருக்கும். ஆகவே 30 என்பதைப் பரீட்சை மார்க் போல நூற்றுக்கு வைத்துப் பார்த்துப் பதற வேண்டாம். 40-ம் அதற்குக் கீழும் உள்ளவர்களைப் பற்றித்தான் இங்கே முக்கியமாகப் பேசுகிறேன். பம்பிங் சரியாக இருந்தும் இதயம் விறைத்துப்போய் மூச்சு வாங்குபவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கதையின் பாதிதான் பொருந்தும், மருந்துகளும் கொஞ்சம் மாறும்.

மூளை பம்பிங் எவ்வளவு என்று அளப்பதில்லை. அது அளப்பது ரத்தக் குழாயின் விரிவை. தாடைக்குக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளையும் இடத்திலும், குழாய்ச் சுவருக்குள் அழுத்த உணர்விகள் இருக்கின்றன. ரத்தம் நன்றாகப் பாய்ந்து சுவர் விரியும்போது அவை முகுளத்துக்கு விடாமல் சேதி அனுப்புகின்றன. பாய்ச்சல் குறைந்தால் சேதி குறையும். சேதி குறைந்ததும் மூளை ஒரே ஒரு முடிவுக்குத்தான் வரும்: ரத்தம் போய்விட்டது.

அந்த முடிவில் அதைக் குறை சொல்ல முடியாது. லட்சக்கணக்கான வருஷங்களாக மனிதனுக்கு அழுத்தம் இறங்கியதென்றால் பெரும்பாலும் வெட்டுக் காயமாகவோ, வயிற்றுப்போக்காகவோ, தண்ணீர் கிடைக்காத வெயிலாகவோதான் இருந்திருக்கும். அதற்கான ஏற்பாடுதான் உடம்பில் இருக்கிறது: இதயத்தை விரட்டு, குழாய்களைச் சுருக்கு, உப்பையும் நீரையும் வெளியே விடாதே. சில மணி நேரமோ சில நாட்களோ தாக்குப்பிடித்தால் காயம் ஆறும், ஆள் பிழைப்பார். ஆனால் இதயமே தளர்ந்துபோனவருக்கு அழுத்தம் நாளைக்கும் குறைவாகத்தான் இருக்கும், அடுத்த வருஷமும் அப்படித்தான். அவசரத்துக்கென்று வந்த ஏற்பாடு முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நோயை முற்றச் செய்வதில் பெரும்பங்கு இந்த ஓயாத ஓட்டத்துக்குத்தான்.

முதலில் வேலையைத் தொடங்குவது நரம்பு. பரிவு நரம்பு மண்டலம் நொடிகளில் விழித்துக்கொண்டு நார்அட்ரினலினைக் கொட்டுகிறது; இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு அடங்கிவிடுகிறது. துடிப்பு கூடுகிறது, ஒவ்வொரு துடிப்பும் அழுத்தமாக விழுகிறது, தோலுக்குப் போகும் குழாய்கள் சுருங்குகின்றன. இதய நோயாளியின் கை சித்திரை வெயிலிலும் சில்லென்று இருப்பதற்கும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தொடுவதற்கும், காரணமில்லாமல் நெற்றி வேர்ப்பதற்கும் பின்னால் இருப்பது இதுதான்.

முதல் சில நாட்களுக்கு இதனால் பலன் உண்டு. அப்புறம்தான் கேடு. இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வில்தான் அதற்குள் பாய்கிறது. துடிப்பு வேகமானால் அந்த ஓய்வு சுருங்கிவிடும். வேலை கூடுகிறது, தீனி குறைகிறது. நார்அட்ரினலின் மாதக்கணக்கில் மிதமிஞ்சி இருந்தால் தசைச் செல்களுக்கே நஞ்சாகிச் சில செல்கள் மடிகின்றன, தாறுமாறான துடிப்புக்கும் அது வழி வகுக்கிறது. இந்த ஓயாத கூச்சலிலிருந்து தப்பிக்க, இதயச் செல்கள் தங்கள் மேல்பரப்பில் நார்அட்ரினலினின் சேதியை வாங்கும் பீட்டா ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றன. அதனால் உண்மையிலேயே வேகம் தேவைப்படும்போது, மாடிப்படி ஏறும்போது, நரம்பு சொல்வது இதயத்துக்கு எட்டுவதில்லை. 1984-ல் அமெரிக்காவில் ஜே கோன் குழுவினர் 106 நோயாளிகளின் ரத்தத்தில் நார்அட்ரினலினை அளந்தார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்கள்தான் சீக்கிரம் இறந்தார்கள். இதயத்தைக் காப்பாற்றுவதாக எல்லாரும் நினைத்திருந்த ஒன்றின் அளவே ஆபத்தின் அளவாக இருந்தது.

அடுத்தது சிறுநீரகம். இந்த நோயின் கண்ணுக்குத் தெரியும் கஷ்டங்களில் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அந்த வரத்து குறைந்தால் சிறுநீரகம் என்ன நினைக்கும்? மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லப் பெரியாறு பிரதானக் கால்வாய் போதும். கடைமடையில், மேலூர்ப் பக்கத்தில், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அங்கே நிற்பவருக்கு வாய்க்கால் மட்டும்தான் தெரியும். அணை வறண்டுவிட்டது என்று எண்ணி, எப்படியாவது அணையை நிரப்புங்கள் என்கிறார். உண்மையில் அணை தளும்பிக்கொண்டிருக்கிறது, ஷட்டர்தான் சரியாகத் திறக்கவில்லை. அவர் சொல்கிறார் என்று அணையில் மேலும் மேலும் தேக்கினால் மேலூருக்கு ஒரு சொட்டும் கூடுதலாக வராது. அணைக்குப் பின்னால் இருக்கும் ஊர்களுக்குள்தான் தண்ணீர் ஏறும். இங்கே கடைமடை சிறுநீரகம், ஷட்டர் இதயம். தண்ணீர் ஏறும் ஊர்கள் நுரையீரலும் ஈரலும் வயிறும் கால்களும்.

சிறுநீரகம் அனுப்பும் அந்த வேண்டுகோளின் பெயர் ரெனின். ரத்த வரத்து குறைந்தாலும், வடிகட்டும் குழாய்க்கு உப்பு குறைவாக வந்து சேர்ந்தாலும், பரிவு நரம்பு தூண்டினாலும் ரெனின் சுரக்கும். இதய நோயாளியிடம் இந்த மூன்றுமே நடக்கலாம். ஈரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்குகிறது. அதனால் பெரிய வேலை எதுவும் ஆகாது. நுரையீரலின் ரத்தக் குழாய்ச் சுவர்களில் நிறைய இருக்கும் ஏ.சி.இ. என்ற நொதி அதை மறுபடி வெட்டி ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. நாடகமே அதற்கப்புறம்தான்.

ஆஞ்சியோடென்சின் 2 உடம்பெங்கும் குழாய்களை இறுக்குகிறது. தளர்ந்த இதயம் இன்னும் கூடுதலான எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டியிருக்கிறது. மூளையில் தாகத்தைக் கிளப்புகிறது. பரிவு நரம்பை மேலும் தூண்டிவிடுகிறது. இதயத் தசைக்குள் நார்த் திசுவை வளர்க்கிறது. அதன் கூடவே, சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோனை வரவழைக்கிறது. ஆல்டோஸ்டிரோன் சிறுநீரில் போகவிருந்த சோடியத்தைத் திரும்ப இழுத்து ரத்தத்தில் சேர்க்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். சோடியம் போகும் இடத்துக்கு நீரும் போகும். இதுவும் இதயத்தில் நார்த் திசுவை வளர்க்கும். நாளாக ஆக இதயத்தின் வடிவமே மாறிவிடுகிறது: அறை பெருத்து, சுவர் மெலிந்து, உருண்டையாகிறது. அப்படி ஆன இதயம் தள்ளுவது இன்னும் குறையும். பாய்ச்சல் குறையக் குறைய ரெனினும் இன்னும் சுரக்கும்.

பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் ராத்திரி படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலை நிறைக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர் படுத்த கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னல் பக்கம் உட்காருவது இதனால்தான். ஈரலும் குடலும் நீர் கோத்திருப்பதால் ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். பசியில்லை என்று குடல் மருத்துவரைத் தேடிப் போனவர்களும் உண்டு.

மூன்றாவது வாசோபிரசின். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வருகிறது. இது உப்பைத் தொடுவதில்லை, வெறும் நீரை மட்டும் பிடித்துவைக்கிறது. நோய் முற்றும்போது ரத்தத்தில் சோடியம் குறைவாகக் காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இங்கே ஒரு ஆபத்தான தப்பு நடக்கிறது. "அப்பத்தாவுக்குச் சோடியம் கொறஞ்சிருச்சாம்" என்று கேட்டதும் வீட்டில் கஞ்சிக்கு ரெண்டு சிட்டிகை உப்பும் ஊறுகாயும் கூட்டிவிடுகிறார்கள். அப்பத்தாவின் உடம்பில் உப்பு ஏற்கெனவே அதிகம்தான். நீர் அதைவிட அதிகமாகச் சேர்ந்து உப்பின் செறிவைக் குறைத்துக் காட்டுகிறது. நீர் மாத்திரையால் உண்மையிலேயே சோடியம் இறங்குபவர்களும் இருக்கிறார்கள். எது என்று பரிசோதித்துச் சொல்ல வேண்டியது மருத்துவர். தெரியாமல் உப்பைக் கூட்டினால் மறுநாளே மூச்சு முட்டலாம்.

இத்தனைக்கும் நடுவே இதயம் சும்மா இருப்பதில்லை. 1981-ல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் எலி இதயத்தின் மேலறையிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார். அவற்றின் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வேகமாக வெளியேற்றின. வெறும் பம்ப் என்று நினைத்திருந்த இதயம் ஹார்மோனும் சுரக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. அளவுக்கு மீறி விரியும் இதயச் சுவர், போதும், நீரை வெளியே விடு என்று சிறுநீரகத்தைக் கேட்கிறது. அப்படிச் சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்று பி.என்.பி. 1988-ல் அதைப் பன்றியின் மூளையில் முதலில் கண்டுபிடித்தார்கள், ஆனால் இதயத்தின் கீழறைதான் அதை ஏராளமாகச் சுரக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் 'என்.டி. புரோ பி.என்.பி.' என்று வருவது அது உருவாகும்போது கூடவே பிரியும் துண்டு. அந்த எண் கூடக் கூட, இதயச் சுவர் அவ்வளவு இழுபடுகிறது என்று பொருள். சிறுநீரகம் பழுதானாலும் வயதானாலும் கூடக் கொஞ்சம் ஏறும்.

நல்ல ஹார்மோன்தான், ஆனால் எதிர்ப்பக்கத்தின் பலம் அதிகம். நெப்ரிலைசின் என்ற நொதி அதை வேறு வேகமாகச் சிதைத்துவிடுகிறது.

சரி, மருந்துக்கு வருவோம். 1970-கள் வரை வழி எளிமையாகத் தெரிந்தது: இதயம் சோர்ந்திருக்கிறது, அதைத் தூண்டு, நீர் சேர்ந்திருக்கிறது, அதை இறக்கு. தூண்டும் வழியின் முடிவு 1991-ல் வெளிவந்த மில்ரினோன் ஆய்வில் தெரிந்தது. இதயத்தை வலுவாகச் சுருங்கவைக்கும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடம் மரணம் 28 சதவீதம் கூடியது. அதற்கு முன்பே, 1975-ல், சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் வாக்ஸ்டைன் குழுவினர் எல்லாரும் ஆகாது என்று சொன்ன ஒன்றைச் செய்துபார்த்தார்கள். தளர்ந்த இதயம் கொண்ட 7 பேருக்கு, இதயத்தை அடக்கும் பீட்டா தடுப்பு மருந்தைக் கொடுத்தார்கள். அவர்கள் தேறினார்கள். உலகம் அதை ஏற்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1999-ல் பிசோப்ரோலால் என்ற பீட்டா தடுப்பு மருந்தின் ஆய்வில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆய்வை இடையிலேயே நிறுத்தி முடிவை அறிவித்தார்கள்.

ரெனின் பக்கத்துக் கதை ஒரு பாம்பிலிருந்து தொடங்குகிறது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததன் தொடர்ச்சியாக, 1970-களில் ஏ.சி.இ. நொதியைத் தடுக்கும் கேப்டோப்ரில் பிறந்தது. 1987-ல் வடக்கு ஐரோப்பாவில் நோய் மிக முற்றிய 253 பேரில் பாதிப் பேருக்கு அதே வகையைச் சேர்ந்த எனலாப்ரில், மீதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரை என்று கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மருந்தில்லாதவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம். ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மரணத்தை 30 சதவீதம் குறைப்பதை 1999-ல் காட்டினார்கள். 2014-ல் நெப்ரிலைசினைத் தடுத்து நல்ல ஹார்மோனை நிலைக்கவைக்கும் சாக்குபிட்ரிலை, ஆஞ்சியோடென்சின் 2-ன் வேலையைத் தடுக்கும் வால்சார்டானோடு சேர்த்துக் கொடுத்தபோது, எனலாப்ரிலைவிட அது மேலாக இருந்தது.

இவற்றில் எதுவும் பி.பி.யைக் குறைப்பதற்காக இந்த நோயாளிக்கு எழுதப்படவில்லை. நரம்பும் சிறுநீரகமும் இடும் கட்டளைகள் இதயத்தைப் போய்ச் சேராமல் மறிப்பதுதான் அவற்றின் வேலை. பி.பி. கொஞ்சம் இறங்குவது பக்கவிளைவு. அதனால்தான் சின்ன அளவில் ஆரம்பித்து வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுகிறார்கள். பீட்டா தடுப்பு மருந்து தொடங்கிய முதல் சில வாரம் அசதியாகக்கூட இருக்கும். இதயம் தேறுவது எக்கோவில் தெரிய மாதங்கள் ஆகும். சர்க்கரை இல்லாதவருக்கு எதற்குச் சர்க்கரை மாத்திரையான டபாகிளிஃப்ளோசின் என்ற கேள்விக்கும் இதே மாதிரிப் பதில்தான்: 2019-ல் அது இதயச் செயலிழப்புக்குப் பயன்படும் என்று காட்டிய ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

இந்தப் பின்னணி தெரிந்தால் வீட்டில் எது உதவும், எது கெடுக்கும் என்பதும் விளங்கிவிடும். கருவாடு, உப்புக்கண்டம், அப்பளம், ஊறுகாய், பரோட்டா சால்னா எல்லாமே, ஏற்கெனவே உப்பைப் பிடித்துவைத்திருக்கும் சிறுநீரகத்துக்கு மேலும் உப்பைக் கொடுக்கின்றன. இந்துப்பும் சோடியம்தான், அதில் தப்பிக்க வழியில்லை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும்; ஸ்பைரனோலாக்டோனும் எனலாப்ரிலும் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று தினமும் ரெண்டு இளநீர் குடிப்பவரும் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து நீரைத் தேக்கும். பல மாதம் நன்றாக இருந்தவரை ஒரு வாரத்து வலி மாத்திரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம்.

காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்ப்பது நல்ல பழக்கம். மூன்று நாளில் ரெண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் அப்போதே போய்க் காட்டலாம்.

எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் வந்தால் அதைச் சொன்னால் போதும், வால்சார்டான் போன்ற சார்டான் வகைக்கு மாற்றுவார்கள். சாக்குபிட்ரிலுக்கு மாற்றினால் பழைய அட்டையின் கடைசி மாத்திரைக்குப் பிறகு 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் முகமும் தொண்டையும் வீங்கும் அபாயம் உண்டு. ஸ்பைரனோலாக்டோனால் சில ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும். கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கும் எப்ளிரினோன் என்ற மாற்று இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பம்பிங் 30-லிருந்து 50-க்கு மேல் ஏறியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் உடனே கேட்பது, இனி நிறுத்தலாமா என்று. லண்டனில் இப்படி முழுசாகத் தேறிய 51 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள்; முடிவு 2019-ல் அச்சானது. 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள், 26 பேர் தொடர்ந்து சாப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் நிறுத்தியவர்களில் 11 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை.